வேதாவுக்குப் போட்ட இலை

ஓவியர் அறிவுச்செல்வனுக்குக் கற்பனை ஒத்துக்கொள்ளாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது இல்லையா, அந்த மாதிரி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கும் மொட்டைமாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் அதைச் சொல்லுவார்.

"கற்பனைங்கறது ஓவியனுக்கு வர்ற வியாதி. என் கண்ணு பார்க்காத ஒரு மயிரிழையை என் கை வரைஞ்சதில்ல. வரையவும் வரையாது."

கழுத்தில் உருத்திராட்சம், கதர் ஜிப்பா, அந்த ஜிப்பாவில் வேண்டுமென்றே துவைக்காமல் விட்ட வர்ணக் கறை. சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு உண்மையைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொள்வார். உண்மை கிடைத்ததோ இல்லையோ, ஆசிரமத்துக்குப் பின்னால் வாடகைக்கு ஓர் அறை கிடைத்தது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கோயிலில் உமாமகேஸ்வர குருக்களைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்குள்ள விழற வெளிச்சம் எனக்கு வேணும்" என்றார். விபூதியும் வில்வமும் கேட்டு வருகிறவர்களையே பார்த்துப் பழகிய குருக்களுக்கு வெளிச்சம் கேட்டு வந்த ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை. சரி என்றுவிட்டார். அவர் யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. அது கருணையா, சோம்பலா என்று அவர் மனைவி சைலஜா கல்யாணம் ஆன நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மார்கழி முழுக்க சைலஜா முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்தாள். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்காக முற்றத்துக்கு மேலே கம்பிவலை போட்டிருந்தது. வெயில் அதன் வழியாகக் கட்டம் கட்டமாக விழும். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் அறிவுச்செல்வன் சொக்கிப்போனார். "இயல்பா இருங்க" என்று சொல்லிவிட்டு, முழங்காலை அரை அங்குலம் நகர்த்தச் சொன்னார். தலையைச் சாய்க்கச் சொன்னார். முந்தானையை இழுத்துவிடச் சொன்னார். மறுபடியும் "இயல்பா இருங்க" என்றார்.

வாழைப்பூ லேசுப்பட்ட வேலை இல்லை. மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் நடுவே விறைத்து நிற்கும் நரம்பையும் அடியில் ஒட்டியிருக்கும் செதிலையும் கிள்ளி எறிய வேண்டும். நரம்பு ஒன்று தப்பிவிட்டாலும் வேகாமல் வாயில் நிற்கும். ஆய்ந்ததை மோர்த்தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். விரல்கள் எப்படியும் கறுக்கும். படத்துக்காகத் தினம் ஒரு பூ வாங்க, ஆய்ந்ததைக் கொட்ட மனசில்லாமல் தினம் சமைக்க, குருக்கள் உசிலியாகவும் வடையாகவும் கூட்டாகவும் ஒரு தோப்பையே தின்று தீர்த்தார். கோயிலில் மந்திரம் சொல்லும்போது ஏப்பத்தை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

அறிவுச்செல்வனுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாமியார் கனகாம்பாள் உட்கார்ந்திருப்பாள். அவருக்குக் காபி. கொஞ்ச நேரம் கழித்து அடை, அதன் மேல் வெண்ணெய். அப்புறம் இன்னொரு காபி. ஊட்டிக்கொண்டே தணிந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். முற்றத்துக்கு இந்தப் பக்கம் சைலஜாவுக்கு அது காதில் விழாது. கிழவிக்குப் பேச்சுத் துணை கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டாள்.

படம் தை பிறந்ததும் வந்தது. கூடத்துச் சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணியில் அறிவுச்செல்வனே மாட்டினார்.

அந்த ஆணியைப் பற்றிச் சொல்லவேண்டும். சைலஜா இந்த வீட்டுக்கு இரண்டாம்தாரமாக வந்தவள். முதல் மனைவி வேதா, கனகாம்பாளின் சொந்தத் தம்பி மகள். தாயில்லாத குழந்தை என்று எட்டு வயதில் அழைத்துவந்து, இந்த வீட்டிலேயே வளர்த்து, பிள்ளைக்கே கட்டி வைத்தாள். ஒரு கார்த்திகை தீபத்தன்று காய்ச்சல் முற்றி வேதாவுக்கு மூச்சு இரைத்தது. ஊரே மலையுச்சியைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி மாட வீதிக்குள் வர முடியவில்லை. குருக்கள் கோயிலுக்குள் இருந்தார். அண்ணாமலையாருக்கு அரோகரா என்று அத்தனை லட்சம் பேர் சேர்ந்து கத்திய நேரத்தில், கனகாம்பாளின் மடியில் தலை வைத்தபடி வேதா போய்ச் சேர்ந்தாள்.

சைலஜாவைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மூத்தவ படம் ஒண்ணுகூட செவுத்துல இருக்கப்படாது. எம்பொண்ணு காலங்கார்த்தால அது மூஞ்சில முழிச்சிண்டு குடித்தனம் பண்ண மாட்டா." கனகாம்பாள் கல்யாண ஆல்பம் முதற்கொண்டு எல்லாவற்றையும் மூட்டைகட்டித் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. அதற்குக் கீழே சுவரில் ஒரு சதுரம் வெளுப்பாக நின்றது. ஆகவே சைலஜாவுக்கு வேதாவின் முகம் தெரியாது.

அறிவுச்செல்வன் துணியை விலக்கினார். "'இல்லாளின் இருப்பு'. இதான் தலைப்பு. ஒரு மாசம் இது இந்த வீட்டுலயே மூச்சு விடட்டும். அப்புறம்தான் சென்னைக் கண்காட்சி."

சைலஜா பார்த்தாள். கம்பிவலை வெயில் அப்படியே விழுந்திருந்தது. மோர்த்தண்ணீர்க் கிண்ணம், உரித்த மடல்கள், அவளுடைய மாம்பழக் கலர்ப் புடவை, கறுத்த விரல்நுனிகள், எல்லாம் இருந்தன. கை அவள் கைதான். இடது சுண்டுவிரல் நகத்தில் இருக்கும் கீறல்கூட இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்ததும் இன்னும் கிட்டே போனாள். படத்தில் இருந்தவளுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம். சைலஜாவுக்கு இடது பக்கம் மட்டும்தான் மூக்குத்தி. மச்சம் கிடையவே கிடையாது.

கோயிலிலிருந்து வந்த குருக்கள் படத்தைப் பார்த்தார். "நன்னா இருக்கு" என்றார். அவருடைய பூஜை முறை தொடங்க இன்னும் நேரம் இருந்தும் திரும்பக் கோயிலுக்கே போய்விட்டார்.

கனகாம்பாள் சமையலறையிலிருந்து குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, பாதம் எக்கி, கண்ணாடி போடாத அந்தப் படத்தின் நெற்றியில் பொட்டு வைத்தாள். அப்போதுதான் அது யார் முகம் என்று சைலஜாவுக்கு விளங்கியது.

அதற்கப்புறம் வீட்டில் ஆள் ஒன்று கூடிவிட்டது. சைலஜா கூடத்தைப் பெருக்கும்போது முதுகில் பார்வை ஊறும். திரும்பினால் அவளுடைய கண்களே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும், வேறொருத்தியின் முகத்திலிருந்து. பல் தேய்க்கும்போது தன்னையறியாமல் வலது மூக்கைத் தடவிப் பார்ப்பாள், துளை இருக்கிறதா என்று. மாமியார் படத்தோடு பேச ஆரம்பித்திருந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. பால்காரன் தண்ணி கலக்கறான், தெக்கு வீதியில கொடிக்கம்பம் நட்டிருக்கான், எனக்கு முழங்கால் வலி ஜாஸ்தியாயிடுத்து, இந்த மாதிரிதான். சைலஜாவிடம் அவள் ஒருநாளும் முழங்காலைப் பற்றிச் சொன்னதில்லை.

ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு கனகாம்பாள், "வேதா, அந்தக் கரண்டிய எடு" என்றாள். சைலஜா எடுத்துக் கொடுத்தாள். கொடுத்து, கை கழுவி, தயிருக்கு உறை ஊற்றிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பூ முதலில் ஒரு கிள்ளாக வந்தது. அப்புறம் முழம். வாரக் கடைசியில் பூக்கடையிலிருந்து சாமந்தி மாலையாகவே வந்து படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஒரு அகல்விளக்கு.

அன்றைக்குத்தான் எதிர்வீட்டு அருணாதேவி, தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தாள். வாசற்படி ஏறியவள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மாலை. விளக்கு. மாம்பழக் கலர்ப் புடவை. அவள் அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுத்தவள்.

"ஐயோ மாமீ! நேத்துகூட மாடில துணி காயப்போட்டீங்களே மாமீ! எப்டி மாமீ? யாருமே ஒரு வார்த்த சொல்லலியே..."

குரல் கேட்டு சைலஜா முற்றத்திலிருந்து எழுந்து வந்தாள். அருணாதேவி ஜாக்கெட்டைக் கீழே போட்டாள்.

"நான் இருக்கேன், அருணா."

"இன்னா மாமி இது! உசுரோட இருக்கறவங்களுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா? என் நெஞ்சு அட்ச்சிக்குது பாருங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க."

"அது நான் இல்ல."

"பொடவ உங்களுது. கையி உங்களுது." அருணாதேவி கிட்டே போனாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஆனா மூஞ்சி... மாமி, இது பெரியவங்களாச்சே. வேதா மாமி. இவங்களுக்கு நான் எத்தினி ஜாக்கெட் தெச்சிருக்கேன்!"

"எப்படி இருப்பா அவ?" சைலஜா கேட்டாள். மூன்று வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி.

"எத குடுத்தாலும் நல்லாக்கீதுன்னுவாங்க. நான் கழுத்த ஒரு வாட்டி தப்பா வெட்டிட்டேன். அதுக்கும் நல்லாக்கீது அருணான்னுதான் சொன்னாங்க." படத்தை மறுபடி பார்த்துவிட்டு வாசலைப் பார்க்க நகர்ந்தாள். "தண்ணி வேணாம் மாமி, நான் வரேன். ஒண்ணு சொல்றேன் தப்பா எட்த்துக்காதீங்க. இத மொதல்ல கழட்டுங்க. ஒடம்புக்கு ஆகாது."

மறுநாள் காலை சைலஜா ஷேர் ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டுக்குப் போனாள். மொட்டைமாடிக் கடையில் அறிவுச்செல்வன் நான்கு பேருக்கு நடுவில் உண்மையை விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு மயில் உட்கார்ந்திருந்தது. அவரைவிட அதற்குத்தான் பார்வையாளர் ஜாஸ்தி.

"எனக்கு ரெண்டு மூக்குத்தி எங்கேர்ந்து வந்தது?" என்றாள் சைலஜா.

"வாங்கம்மா, வாங்க. இவங்கதான் அந்தப் படத்தோட..."

"மச்சம் எங்கேர்ந்து வந்தது?"

அவர் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியே கூட்டிக்கொண்டு போனார். ஜிப்பா நுனியைத் திருகினார்.

"ஓவியம்ங்கறது ஒரு உரையாடல்மா. வெளிச்சம், காலம், நினைவு இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு..."

"கண்ணால பார்க்காத மயிரிழையக்கூட வரைய மாட்டேன்னேளே."

"மாட்டேன்தான்."

"அப்போ அந்த மச்சத்த எங்க பார்த்தேள்?"

அறிவுச்செல்வன் மயிலைப் பார்த்தார். அதுவும் அவருக்கு உதவவில்லை. "உங்க மாமியார்தான் சொன்னாங்க" என்றார் கடைசியில். "மொதல்ல மூக்கு கொஞ்சம் கூர்மையா இருக்கட்டுமேன்னாங்க. அதுல ஒண்ணும் தப்பில்லைன்னு பட்டுது. அப்புறம் நெத்தி. அப்புறம் மோவாய். தினம் ஒண்ணு. நான் வேலையில இருக்கும்போது எனக்கு எதுவும் காதுல விழாதுன்னு நினைச்சேன். கை கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. அந்த அடைக்கு மேல வெண்ணெய வச்சுக்கிட்டே சொல்லுவாங்க பாருங்க, மாட்டேன்னு சொல்ல முடியலம்மா."

ஒரு மனிதனின் கொள்கை எத்தனை அடைக்கு விலைபோகும் என்பது சைலஜாவுக்கு அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"இன்னிக்கே வந்து எடுத்துண்டு போயிடுங்கோ."

"வர்ணம் காயணும்மா. அடுத்த வாரம் வண்டி வருது, அப்போ கண்டிப்பா எடுத்துடறேன்."

"அடுத்த வாரம் எடுத்து என்ன? இந்த வெள்ளிக்கிழமை ஆத்துல சுமங்கலிப் பிரார்த்தனை."

அவருக்குப் புரியவில்லை. "கண்ணை மட்டும் நான் மாத்தலம்மா" என்றார், ஏதோ நஷ்டஈடு கொடுக்கிற மாதிரி. "கண்ணு உங்களுதுதான்."

புருஷன் இருக்கும்போதே சுமங்கலியாகப் போனவளுக்கு அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் பூஜை. நடு அறையில் மணை போட்டு, அவளுக்கென்று எடுத்த புதுப்புடவையைக் கொசுவி மடித்து, ஒரு பெண் உட்கார்ந்திருக்கிற மாதிரி மணைமேல் வைப்பார்கள். எதிரில் தலைவாழை இலை. பரிமாறிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே அவள் வந்து சாப்பிடுவாள் என்பது ஐதீகம். இளையவள் கையால் பரிமாறினால்தான் மூத்தவள் மனசு குளிரும் என்பதால் பரிமாறுவது சைலஜாவின் வேலை. போன வருஷமும் அதற்கு முந்திய வருஷமும் செய்தாள். வெறும் புடவைக்குப் பரிமாறுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. இந்த வருஷம் மணைக்குப் பின்னால் அந்தப் படத்தைச் சாய்த்து வைக்கப்போவதாகக் கிழவி சொல்லியிருந்தாள். தன் கைக்கும் தன் கண்ணுக்கும் தானே செத்தவர்களுக்கான சோற்றைப் போட வேண்டும். போட்டுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் சைலஜா என்று ஒருத்தி இருப்பதற்கு என்ன அத்தாட்சி?

உச்சிக்காலப் பூஜை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்திருந்த கணவனிடம் சொன்னாள்.

"ஏன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள அதைக் கழட்டி எங்கயாவது வைங்கோ."

"எதை?"

"எதைன்னு தெரியாத மாதிரி கேக்காதேங்கோ. நீங்க கூடத்துப் பக்கமே வரதில்ல. கொல்லை வழியா சுத்திண்டு வரேள்."

குருக்கள் உத்தரத்தைப் பார்த்தார். "அம்மா மனசு சங்கடப்படும்."

"என் மனசு?"

"சாஸ்திரத்துல இதுக்கு தோஷம்னு ஒண்ணும் சொல்லல. பிம்பம் வேற, ரூபம் வேற. பிரதிஷ்டை பண்ணாதவரைக்கும் அது வெறும் துணிதான்."

"துணிதானே? கழட்டுங்கோ."

"பார்க்கலாம்."

கோபுரத்துக் கலசத்துக்கே கும்பாபிஷேகம் பண்ணி வைக்கிற கையால் ஓர் ஆணியிலிருந்து ஒரு படத்தை இறக்க முடியவில்லை. சைலஜா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அவ முகம் எனக்கு மறந்து போயிண்டு இருந்தது, சைலஜா" என்றார் குருக்கள். "நிம்மதியா இருந்தது." புரண்டு சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே கனகாம்பாள் ஈரப்புடவையோடு அடுப்பு மூட்டிவிட்டாள். அன்றைக்குச் சமையல் முழுக்க அவள் கைதான். பாகற்காய் பிட்லை, இரண்டு பச்சடி, வடை, போளி, பாயசம். சைலஜாவுக்கு அரைக்கவும் துருவவும் அனுமதி. படைக்கிற சமையலில் எதையும் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. உப்பைக் கையளவில் போட்டுவிட்டுச் சாமியை நம்ப வேண்டியதுதான். சாப்பிட அழைத்திருந்த தெருச் சுமங்கலிகள் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து, யாரை வீட்டில் எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதைப் பற்றிக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உமா, அந்தப் படத்த எடுத்துண்டு வந்து உள்ள வைடா" என்றாள் கனகாம்பாள்.

குருக்கள் எழுந்தார். ஆணியிலிருந்து படத்தை இறக்கினார். இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நடு அறைக்குப் போய், மணைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு நிமிஷ வேலை. வெளியே வந்தவர் சைலஜாவின் பக்கம் திரும்பவே இல்லை.

சைலஜா பரிமாறினாள். நுனி இலையில் பாயசம், பச்சடி, கறி, பிட்லை, வடை என்று ஒவ்வொன்றாக வைத்தாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் படத்து மாம்பழக் கலர்ப் புடவைக்காரி இன்னும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். சாதத்தின் மேல் பருப்பு, பருப்பின் மேல் நெய். கனகாம்பாள் கற்பூரம் காட்டி, விழுந்து நமஸ்காரம் பண்ணி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாம்மா, வந்து வயிறாரச் சாப்பிடு" என்றாள் படத்தைப் பார்த்து. எல்லோரும் வெளியே போனார்கள். கடைசியாக வந்து கதவைச் சாத்த வேண்டியவள் சைலஜா.

அவள் சாத்தினாள். உள்ளே நின்றுகொண்டு சாத்தினாள். சத்தமில்லாமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அறையில் கற்பூரப் புகையும் நெய் மணமும்தான் இருந்தன. மணைமேல் இருந்த புதுப்புடவையை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு மணைமேல் உட்கார்ந்தாள். இப்போது படம் அவளுக்கு முதுகுப் பக்கம். பிடரியில் மூச்சுப் படுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாதத்தில் கை வைத்தாள். சூடாக இருந்தது. முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவதுக்குக் கண்ணை மூடவில்லை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பயத்துக்கும் பசிக்கும் நடந்த சண்டையில் பசி ஜெயித்தது. பிட்லையைப் பிசைந்து சாப்பிட்டாள். வடையை உடைத்தாள். பாயசத்தை வழித்தாள். தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். 'டொக்' என்றது.

கதவுக்கு வெளியே சுமங்கலிகளின் பேச்சு வெட்டியது போல நின்றது.

"உமா." கனகாம்பாளின் குரல் கதவோடு ஒட்டி வந்தது. "கேட்டுதாடா?"

"என்னம்மா?"

"தம்ளர் வைக்கற சத்தம்டா. எலை சரசரங்கறது." கிழவியின் குரல் சின்னப்பெண் குரல் மாதிரி ஆகிவிட்டது. "வந்துட்டாடா! இத்தன வருஷமா எலைய எடுக்கறச்சே எல்லாம் வச்சது வச்சபடி இருக்கும். மாட்டுக்குப் போட்டுட்டு அழுவேன். இன்னிக்கு வந்துட்டாடா, எங்கொழந்தை!"

குருக்கள் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார். யாரோ ஒரு மாமி "தாயே" என்றாள்.

சைலஜாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. கத்த வேண்டும், சண்டை போட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் இருந்தன. ஆனால் அந்தக் குரலை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு கிழவி சந்தோஷமாக ஒரு சொல் சொல்லி அவள் கேட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் செத்தவளுக்காக. பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அறைக்கு இருப்பது ஒரே கதவு. இன்றைக்குச் சும்மா இருந்துவிட்டால் அந்தக் கதவு வழியாக வெளியே போகப்போவது யார்?

எழுந்தாள். எச்சில் கையோடு, இடது கையால் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"நான்தாம்மா" என்றாள்.

கனகாம்பாள் அவளைப் பார்த்தாள். அவள் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். துடைத்து வைத்த மாதிரி இருந்த இலையைப் பார்த்தாள். முகத்திலிருந்த சந்தோஷம் போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"நீயா சாப்ட்ட?"

"நான்தான். படத்துல இருக்கறது எங்கை. எங்கண்ணு. எம்பொடவை. எனக்குத்தானே போட்டிருக்கேள், சாப்ட்டேன்."

சுமங்கலிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குருக்களுக்கு ஸ்தோத்திரம் நின்று சாஸ்திரம் வந்துவிட்டது. "மகா அபசாரம். இதுக்குப் பிராயச்சித்தம் பண்ணணும். முதல்ல புண்யாகவாசனம், அப்புறம் நவக்கிரக..."

"சித்த வாய மூடுடா" என்றாள் கனகாம்பாள்.

அவள் உள்ளே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இலைக்கு எதிரில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இலையையே பார்த்தாள். பிறகு, வீட்டில் சமைக்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"பிட்லைல உப்பு இருந்துதா?"

சைலஜா யோசிக்கவில்லை. "கம்மிம்மா. நன்னாவே கம்மி."

கனகாம்பாள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியவள் நிறுத்தவில்லை, ஆட்டிக்கொண்டே இருந்தாள். "அவ சொல்ல மாட்டா" என்றாள். "எட்டு வயசுல வந்தா. உப்பே போடாம வச்சாலும் நன்னா இருக்கு அத்தைம்பா. மூச்சு இரைக்கறச்சேகூடக் கேட்டேன், எப்படிடி இருக்குன்னு. நன்னா இருக்கு அத்தைன்னாடி. அதை நம்பிண்டு நான் உக்காந்திருந்தேன்." சைலஜாவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பற்றிக்கொள்ள அருகில் வேறொன்றும் இல்லை. "நீ அவ இல்ல. அவ போயிட்டாடி. போயே போயிட்டா."

தீபத்தன்று அழாத அழுகையை அழுதாள். ஊர் இரைச்சல் இல்லாததால் இந்த முறை தெருவுக்கே கேட்டது. குருக்கள் வாசற்படியில் நின்றபடி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சைலஜா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைக் கிழவியின் முதுகில் வைத்தாள். தட்டிக் கொடுக்கத் தெரியவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

அழுகை தணிந்ததும் கனகாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "உமா, அதை எடுத்து வாசல்ல வை. அந்த ஆள் வந்து எடுத்துண்டு போகட்டும். அது அவளும் இல்ல, இவளும் இல்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு."

குருக்கள் படத்தைத் தூக்கினார். தூக்கியவர் சைலஜாவின் முன்னால் ஒரு கணம் நின்றார். அவளும் கடைசியாக அந்த முகத்தைப் பார்த்தாள். பகை ஒன்றும் தோன்றவில்லை. பாவம், யாரிடமும் ஒரு குறை சொல்லத் தெரியாமல் போனவள்.

"கைய அலம்பிண்டு வா" என்றாள் கனகாம்பாள். "அவளுக்கு வேற எலை போடணும். எல்லாம் இன்னொரு ஈடு இருக்கு. பிட்லைக்கு உப்பக் கரைச்சு விடு, நீதான் ருசி பார்த்துட்டியே."

சைலஜா கொல்லைக்குப் போய்க் கை கழுவினாள். பிட்லைக்கு உப்புக் கரைத்து ஊற்றினாள். நடு அறையைத் துடைத்து, புதுப்புடவையைக் கசங்கல் எடுத்து மடித்து, மணைமேல் வைத்தாள். பின்னால் வெறும் சுவர். இலையைப் போட்டு மறுபடி முதலிலிருந்து பரிமாறினாள். இந்த முறை வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். முற்றத்துக் கம்பிவலைமேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து கீழே பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, சத்தம் போடாமல் போயிற்று. அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் கனகாம்பாள் காதைக் கதவுப் பக்கமே வைத்திருந்தாள்.

பசி தாங்காத ஒரு மாமி மெல்லச் செருமினாள். குருக்கள் அம்மாவைப் பார்த்தார். கனகாம்பாள் பெருமூச்சு விட்டுவிட்டுக் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள்.

சைலஜா அந்தக் கையைப் பிடித்தாள்.

"இருங்கோம்மா" என்றாள். "மெதுவா சாப்பிடட்டும்."